சுற்றில் ஒருவர் குறைவு

மான்டிவீடியோவின் பழைய நகரில்
ஐந்தாம் மாடி.
கம்பளி ஏற்றும் கப்பல்களுக்குக் கணக்கு பார்க்கும்
மென்பொருள் செய்கிறோம்.
நாற்பத்தொரு நாற்காலி.
நேற்று மாலை தொட்டுப் பார்த்தேன்,
ஏழில்தான் சூடு இருந்தது.

வாரத்துக்கு எத்தனை நாள் எல்லோரும் வரவேண்டும்,
ஒரே பக்கத்தில், வெள்ளிக்கிழமைக்குள்
எழுதித் தரவேண்டுமாம்.
"நீயே எழுது நிபியா, உன்மேல் யாருக்கும் கோபம் வராது"
என்றார் இயக்குநர்.
பாராட்டு என்றுதான் முதலில் நினைத்தேன்.

மூன்று என்று எழுதினேன்.
ஏபெர் நினைவுக்கு வந்தான்.
லாஸ் பியத்ராஸிலிருந்து இரண்டு பஸ்,
வர ஒன்றேகால் மணி, போக ஒன்றேமுக்கால்.
மகனுக்குக் காது கேட்காது.
ஐந்தேகாலுக்குப் பள்ளி வேன் நிற்கும்போது
வாசலில் நின்று விரல்களால் கேட்கிறான்,
இன்றைக்கு என்ன?
பையைக்கூடக் கழற்றாமல் அந்தப் பொடியன்
இரண்டு கையாலும் கொட்டித் தீர்க்கிறான்.
இருட்டிய பிறகு வீடு சேரும் தகப்பனுக்கு
மிஞ்சுவது உறங்கும் கைகள்.

மூன்றை அடித்துவிட்டு ஒன்று என்றேன்.
இப்போது சுல்லி.
கோர்தோனில் ஒற்றை அறை,
ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் முதுகு.
போன குளிர்காலத்தில், ஒரு திங்கள் காலை,
போன் செய்தாள்.
"ஒன்றுமில்லை,
குரல் இருக்கிறதா என்று பார்த்தேன்."
வெள்ளிக்கிழமைக்குப் பிறகு
அதற்கு வேலையே வரவில்லையாம்.

ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்.
எங்கள் ஊரில் ஆறே சேற்று நிறம்;
கரை தெரியாததால் கடல் என்கிறோம்.

சோதனைக்காக ஒரு செவ்வாய்
எல்லோரையும் வரச் சொன்னோம்.
வந்தார்கள்.
ஹெட்போனை மாட்டிக்கொண்டு
முதுகோடு முதுகு உட்கார்ந்து
திரையில் சந்தித்துக்கொண்டார்கள்.
ஒவ்வொரு ஹலோவும் இரண்டு முறை கேட்டது,
ஒருமுறை காற்றில்,
அரை நொடி கழித்து கம்பியில்.

பதினொரு மணிக்கு மட்டும் கழற்றினார்கள்.
மாத்தே நேரம்.
கசப்பு இலை திணித்த சுரைக்குடுவை,
ஒரே உலோகக் குழல், அத்தனை வாய்க்கும் அதுவே.
ஊற்றுபவர் வாஷிங்டன்.
(ஆமாம், ஆள் பேர்தான். இங்கே தெருவுக்கு ஒருவர் உண்டு.)
கக்கத்தில் பிளாஸ்க்கை இடுக்கியபடி
ஊற்றுவார், நீட்டுவார், வாங்குவார்.
குடித்துவிட்டுப் பேசாமல் திருப்பித் தந்தால்
அடுத்த சுற்றிலும் உங்களுக்கு உண்டு.
"நன்றி" சொல்லித் தந்தால்
போதும், நான் விலகிக்கொள்கிறேன் என்று பொருள்.
இதை எந்தச் சுவரிலும் யாரும் எழுதி ஒட்டவில்லை.

இன்று காலை ஏபெர் திரையில் இருந்தான்.
சுற்று அவன் நாற்காலிக்கு வந்ததும்
வாஷிங்டன், பழக்கம்தான்,
குடுவையை நிரப்பி
கேமராவுக்கு நேரே நீட்டிவிட்டார்.
யாரோ சிரித்தார்கள்.
ஏபெர் தன் வீட்டுக் குடுவையை எடுத்து
அடியில் கொரகொரவென்று சத்தம் வரும்வரை உறிஞ்சினான்.
இங்கே ஊற்றியது மேஜையில் ஆறிற்று.
சுல்லிதான் கடைசியில் எடுத்துக் குடித்தாள்,
முகம் சுளிக்காமல்.

கூட்டம் முடிந்தது.
"எல்லோருக்கும் நன்றி" என்றான் ஏபெர்.
திரை கறுத்தது.
வாஷிங்டனின் கை பிளாஸ்க்கோடு அப்படியே நின்றது.
எந்த நன்றி?
கூட்டத்தின் நன்றியா, குடுவையின் நன்றியா?
நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.
கேட்டுச் சொல்ல அவன் அங்கே இல்லை.

இரவு பத்து மணி.
வீட்டில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்,
பக்கத்தில் என் குடுவை, என் குழல்,
என் வாய் மட்டும்.
எண் வரவேண்டிய இடம் இன்னும் காலி.
இரண்டு போட்டேன், எடுத்தேன்.
"ஏபெரிடமும் சுல்லியிடமும் தனித்தனியே கேட்கவும்" என்று எழுதினேன்;
நாற்பத்தொரு பேருக்கும் அப்படி எழுதினால்
ஒரு பக்கத்தில் அடங்காது.

கடைசி வரியில், விரல் பழக்கத்தில்,
இப்படிக்கு நிபியா, நன்றி
என்று வந்து விழுந்திருக்கிறது.
அதை மட்டும்
அழித்துவிட்டேன்.